காலையில் முதல் பத்து நிமிடம் வீட்டில் எல்லாருக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மலர்களில் அடிக்கடி ஒரு வகைக் கட்டுரை வருகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்புங்கள், ஒரு மணித்தியாலம் உடற்பயிற்சி செய்யுங்கள், அரை மணித்தியாலம் தியானம், பிறகு புத்தகம், பெரிய கம்பனி முதலாளிகள் எல்லாரும் இப்படித்தான் முன்னுக்கு வந்தார்கள் என்று சொல்கிற கட்டுரை. எழுதுகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வெள்ளவத்தையில் இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில் இருந்துகொண்டு, ஆறேகாலுக்கு ஸ்கூல் வான் வந்து ஹோன் அடிப்பதற்குள் இரண்டு பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, நாலு பேருக்குச் சாப்பாடு கட்டி, தானும் ஏழு மணிக்குக் காலி வீதியில் 101 பஸ்ஸுக்கு நிற்க வேண்டிய ஒரு பெண் அதை வாசித்தால், இது எங்களுக்கு எழுதியது இல்லை என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுவாள். அப்படி மடித்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். முதலாவது பாடவேளையில் எனக்கு முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே அன்று காலை அவர்களுடைய வீடு எப்படி இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. காலையில் பத்து நிமிடம் போதும், கால் மணித்தியாலம் கிடைத்தால் இன்னும் நல்லது. அது ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் நடக்க வேண்டும், போன் கைக்கு வருவதற்கு முன்பு நடக்க வேண்டும், வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழும்புகிறவருக்கும் அது கிடைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

முதலில் போன். கொழும்புத் தமிழருடைய போன் விடியற்காலையில்தான் நிரம்பிக் கிடக்கும், அதற்குக் காரணமும் இருக்கிறது. ரொறன்ரோ நேரம் கோடையில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் பின்னால். நமக்குக் காலை 6 மணி என்றால் அங்கே முதல் நாள் இரவு எட்டரை அல்லது ஏழரை. வேலை முடிந்து சாப்பிட்டு, சொந்தக்காரரோடு ஆறுதலாகக் கதைக்கிற நேரம் அது. லண்டனில் இருப்பவர்கள் படுக்கப் போகும்போது அனுப்பியதும் அப்போது வந்து கிடக்கும், சிட்னிக்காரர் முற்பகல் தேத்தண்ணியோடு அனுப்பத் தொடங்கியிருப்பார்கள். ஆக, கண்ணை முழுதாகத் திறக்கும் முன்னமே மூன்று கண்டத்துச் செய்தி நமக்குள் இறங்கிவிடுகிறது: ஒரு மரண அறிவித்தல், ஒரு பூப்புனித நீராட்டு விழாப் படம், ஊர்க் காணிச் சண்டையைப் பற்றி அண்ணன் தம்பி இரண்டு பேரும் குடும்பக் குழுவில் எழுதிக்கொண்டது, யாரோ தலைமாட்டில் நின்று கத்துவது போன்ற ஓர் அரசியல் வீடியோ. அவர்கள் அன்பில்தான் அனுப்புகிறார்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் அந்த அன்பு குறைந்துவிடாது. அவசரம் என்றால் அழைப்பு வரும், போனை ஹோலில் சத்தத்தோடு வைத்தால் கேட்கும். அலாரத்துக்காகத்தான் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று பலரும் சொல்கிறார்கள். சரி, அப்படியென்றால் புறக்கோட்டையில் மலிவாக ஒரு மேசை மணிக்கூடு வாங்குங்கள். என் வகுப்பில் ஒரு நாள், எழும்பியதும் முதலில் கையில் எடுப்பது என்ன என்று கேட்டேன். போன் என்று சொல்லிக் கை உயர்த்தியவர்கள்தான் மிக அதிகம், அவர்களில் பலருக்குச் சொந்தப் போன் கிடையாது, அம்மாவுடையதை எடுக்கிறார்கள்.

எழும்பின உடனே நம்முடைய மூளை முழுதாக விழித்துவிடுவதில்லை. தூக்கத்தின் மந்தம் சாதாரணமாகக் கால் மணித்தியாலத்திலிருந்து அரை மணித்தியாலம் வரை நிற்கும், தூக்கம் குறைந்தவர்களுக்கு இன்னும் நீளும். அதே நேரத்தில் உடம்பு தன் பங்குக்கு நம்மை எழுப்புகிறது: கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் பெரும்பாலானவர்களுக்கு எழும்பி முப்பது நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறுகிறது. அதாவது உடம்பு நாளைத் தொடங்க ஆயத்தமாகிறது, ஆனால் எதைப் பெரிதாக எடுப்பது, எதை விடுவது என்று நிதானிக்கிற புத்தி இன்னும் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு கோபமான செய்தியை வாசித்தால் அது நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு வருகிறது. இது எனக்கும் தெரியும், வான் ஏறும்போதே முகம் சுருங்கி வருகிற பிள்ளைகளுக்கும் தெரியும்.

இனி வெளிச்சம். நம்முடைய உடம்புக்குள் ஒரு மணிக்கூடு ஓடுகிறது என்பது வெறும் பேச்சு இல்லை. அது உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த மணிக்கூட்டைச் சரிப்படுத்துகிற பெரிய விசை, கண்ணில் படும் காலை வெளிச்சம். மின்விளக்கு எரியும் அறைக்குள் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும், மேகமூட்டமான நாளில்கூட வெளியே போய் நின்றால் அது ஆயிரக்கணக்கில் போகும். சூரியனைப் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. வெளியே வானத்துக்குக் கீழே நின்றால் போதும்.

இதில் கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதை நாம் கவனிப்பதே இல்லை. இந்தக் காலைப் பழக்கப் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்படுகின்றன. லண்டனில் டிசம்பரில் எட்டு மணி தாண்டித்தான் சூரியன் எழும்பும், ஜூனில் ஐந்துக்கு முன்பே எழும்பிவிடும். அங்கே இருப்பவர் வெளிச்சத்தை நம்பி ஒரு பழக்கத்தை வைத்திருக்க முடியாது. நமக்கு ஆண்டு முழுவதும் பார்த்தாலும் சூரியன் எழும்பும் நேரம் ஏறக்குறைய 5.50க்கும் 6.25க்கும் இடையில்தான். அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். ஆறரைக்கு எந்த மாதம் வெளியே போனாலும் வெளிச்சம் இருக்கும், எட்டு மணிபோல் வெயில் சுடத் தொடங்கும் முன் வேலை முடிந்துவிடும். தென்மேல் பருவமழையில் சில நாள் தூறும், பல்கனி விளிம்பில் நின்றால் சரி.

கொழும்பில் காலை நேரம் நம்முடைய கையில் இல்லாமல் இருந்த காலங்களும் இருந்தன, இளைய வாசகர்களுக்கு அது தெரியாது. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். முதல் மாற்றத்துக்குப் பிறகு பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டார்கள். அதைவிடக் கொடுமையானது, போர் நடந்த அந்த ஆண்டுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடியற்காலை என்றால் பல வீடுகளில் சுற்றிவளைப்பு, அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் எழுப்பி பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. கதவு தட்டும் சத்தத்தோடு எழும்பிய ஒரு தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழும்புகிற மாமிமார் இன்றைக்கும் இருக்கிறார்கள். பிறகு 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றே எத்தனையோ காலைகள் போய்விட்டன. அவையெல்லாம் நாம் தேர்ந்தெடுத்தவை இல்லை. இன்று அந்த நேரம் திரும்ப நம்முடையதாக இருக்கும்போது அதை எழும்பிய நிமிடமே யாருக்கோ கொடுத்துவிடுவது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் செய்வதையே சொல்கிறேன். எழும்பி முகம் கழுவி ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கிறேன். வெறும் வயிற்றில் தண்ணீர் குடித்தால் உடம்பிலுள்ள நச்சு எல்லாம் போய்விடும், சீனி வியாதி மாறிவிடும் என்றெல்லாம் வட்ஸ்அப்பில் வருவதை நான் சொல்லவில்லை, இரவு முழுக்கக் குடிக்காமல் இருந்த உடம்பு தண்ணீர் கேட்கிறது, அதற்காகக் குடிக்கிறேன். கேத்தலை அடுப்பில் வைத்ததும் மொட்டைமாடிக்கோ, மாடி பூட்டியிருக்கிற நாளில் பல்கனிக்கோ போய், தோள், கழுத்து, முழங்கால் மூன்றையும் கொஞ்சம் அசைத்துக்கொண்டு நிற்கிறேன். கடற்கரைப் பாதையில் போகும் ரயில் சத்தம் கேட்கும், காகங்கள் கத்தும், தூரத்தில் ஒரு பன்சலையில், அதாவது பௌத்த விகாரையில், பிரித் ஓதுவது கேட்கும். தண்ணீர் கொதித்ததும் பிளேன்ரீயை ஊற்றிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து, ஒரு சின்னக் கொப்பியில் ஒரே ஒரு வரி எழுதுகிறேன்: இன்றைக்கு எது நடந்தே ஆக வேண்டும். பத்து விஷயம் எழுதினால் பத்தும் கண்ணை உறுத்தும், ஒன்று எழுதினால் அதைச் செய்துவிடலாம். சில நாள் அந்த வரி, தரம் 8 கொப்பிகளைத் திருத்தி முடிப்பது. சில நாள், அம்மாவை மருந்துக்குக் கூட்டிக்கொண்டு போவது. சில நாள், வகுப்பில் இன்ன பிள்ளையோடு ஐந்து நிமிடம் தனியாகக் கதைப்பது. பிறகுதான் ஹோலுக்குப் போய் போனை எடுக்கிறேன்.

இதில் கேத்தல்தான் பிடிமானம். புதுப் பழக்கத்தை ஏற்கனவே தவறாமல் செய்கிற ஒன்றோடு கட்டிவிட்டால் அது நிற்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று அந்தரத்தில் விட்டால் நிற்காது. இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள், அதை நம்பிவிட்டு இருபத்திரண்டாம் நாள் மனம் உடைந்து விட்டவர்கள் பலர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாகவே நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் எடுத்தது, ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை. காய்ச்சல் வரும், ஊரிலிருந்து விருந்தாளி வருவார்கள், செத்த வீடு வரும். அடுத்த நாள் கேத்தலை வைத்ததும் மறுபடி தொடங்கலாம்.

நம்மில் பலரிடம் இது ஏற்கனவே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குளித்து, விபூதி பூசி, சுவாமி அறையில் விளக்கேற்றி, ஒரு தேவாரம் பாடிவிட்டு நாளைத் தொடங்குகிற வீடுகள் உண்டு. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் பாங்கு சொன்னதும் எழும்பி சுபஹ் தொழுகிறது. கொட்டாஞ்சேனையில் காலைப் பூசைக்குப் போய்விட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, ஒழுங்கு இருக்கிறது, தொடக்கமும் முடிவும் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள், அதற்கு முன் போனை எடுக்காதீர்கள். ஒரு கையில் கற்பூரத் தட்டும் மறு கையில் போனுமாக நிற்பதைக் கோயிலிலேயே பார்க்கிறோம்.

இப்போது அம்மாமாரிடம் வருகிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற தாய்மாரோடு நான் கதைப்பதுண்டு. நாலரைக்கு எழும்புகிறார்கள். சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு முட்டைப் பொரியல், தேங்காய் திருவிச் சம்பல், அது முடிய இடியப்பமோ புட்டோ, அதற்கிடையில் மூத்த பிள்ளையை எழுப்பி, சின்னதை எழுப்பி, தலை பின்னி ரிபன் கட்டி, காணாமல் போன ஒரு சப்பாத்துக் காலுறையைத் தேடி, கணவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, வான் வந்து நின்றதும் படியில் இறங்கி ஓடி. அதற்குப் பிறகு தன்னுடைய கந்தோருக்கு. வீட்டில் முதலில் எழும்புகிறவர் அவர்தான், ஆனால் காலை என்று ஒன்று அவருக்கு இல்லை. மற்ற எல்லாருடைய காலையும் அவருடைய முதுகில் ஏறி நிற்கிறது. அவரிடம் போய், நீங்கள் இன்னும் அரை மணித்தியாலம் முந்தி எழும்பித் தியானம் செய்யுங்கள் என்று சொல்வது அநியாயம். நாலரையை நாலாக்கினால் போவது அவருடைய தூக்கம்தான், வளர்ந்தவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணித்தியாலம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிற அந்தத் தூக்கம் ஏற்கனவே அவருக்கு இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள்தான் அவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை, செய்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மரக்கறியை முதல் நாள் இரவு ரிவி பார்த்துக்கொண்டே கணவர் வெட்டி வைக்கலாம், தேங்காயைத் திருவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். சாப்பாட்டுப் பெட்டிகளில் போட்டு மூடுவது அப்பாவின் வேலை. தரம் 6க்கு வந்த பிள்ளைக்கு நேரசூசியைப் பார்த்துப் புத்தகப் பை அடுக்கவும், சப்பாத்துக்குப் பொலிஷ் போடவும், தண்ணீர்ப் போத்தலை நிரப்பவும் இரவிலேயே தெரிய வேண்டும், ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்ற வேறுபாடு இல்லாமல். கிழமையில் இரண்டு நாள் காலையில் பாணும் வாழைப்பழமும் அவித்த முட்டையும் என்றால் அதில் ஒரு குறைவும் இல்லை, அம்மம்மாக்கள் தயவுசெய்து அதைக் குறையாகப் பேசாதீர்கள். பிறகு அந்தத் தாய் தேத்தண்ணியோடு பல்கனியில் நிற்கிற பத்து நிமிடத்தில் யாரும் அம்மா என்று கூப்பிடக் கூடாது, காலுறை எங்கே என்று கேட்டால் அப்பா பதில் சொல்ல வேண்டும். இதை ஒரு வீட்டுச் சட்டமாகவே வைக்கலாம். கொழும்பில் வீட்டு வேலைக்காக மலையகத்திலிருந்து வந்து தங்கியிருக்கிற பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்த வேண்டும். அவர்கள் விழித்த கணத்திலிருந்து இன்னொருவருடைய நேரத்தில் நிற்கிறார்கள்.

பிள்ளைகளின் காலை முதல் நாள் இரவிலேயே தொடங்குகிறது. பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலத் தூக்கம் வேண்டும், அந்த வயதில் உடம்பின் மணிக்கூடு பிந்தித் தூங்கப் பிந்தி எழும்பத்தான் இழுக்கும். அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் அமைப்பு 2014இலேயே உயர்வகுப்புகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. நம்முடைய பாடசாலைகள் ஏழரைக்குத் தொடங்குகின்றன, வான் ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில் வந்துவிடும், அப்படியென்றால் பிள்ளை ஐந்தேகாலுக்கு எழும்ப வேண்டும், ஒன்பதுக்குப் படுத்தால்தான் கணக்குச் சரிவரும். ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது? ரியூஷன் முடிந்து ஓட்டோவில் வந்துகொண்டிருக்கிறது. பாடசாலை நேரத்தை மாற்ற என்னால் முடியாது, ஆனால் ரியூஷன் வகுப்புகளை இரவு ஏழரையோடு முடிக்கும்படியும் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன் தொடங்காமல் இருக்கும்படியும் அந்த ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளலாம். பெற்றோர் சேர்ந்து கேட்டால் அவர்கள் கேட்பார்கள், காசு கொடுப்பது நாம்தான்.

இரவு வேலை செய்கிற இளம் பிள்ளைகள் பலர் இப்போது இருக்கிறார்கள், லண்டன் நேரத்துக்கோ அமெரிக்க நேரத்துக்கோ கணினி முன்னால் உட்காருகிறவர்கள். அவர்களுக்குப் பதினொரு மணிக்குத்தான் விடியும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எழும்பிய நேரத்திலிருந்து அதே பத்து நிமிடம், அதே ஒழுங்கு.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். ஒன்று உங்களுக்கு. முதலாளிமாரின் காலைப் பழக்கங்களை நிறைய வாசித்துவிட்டோம், இனி செட்டியார் தெருவில் கடை திறக்கிறவர், மருதானையில் ரயில் வேலைக்குப் போகிறவர், மருத்துவமனையில் இரவுக் கடமை முடிந்து வருகிற தாதி, இவர்கள் நாளை எப்படித் தொடங்குகிறார்கள் என்று வாசகர்களிடமே நாலு வரி கேட்டு வாங்கிப் போடுங்கள். மற்றது தொடர்மாடிக் குடியிருப்புகளின் நிர்வாகக் குழுக்களுக்கு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் கட்டிடங்கள் நெருக்கி எழும்பிவிட்டன, பல வீடுகளில் யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர்தான் தெரிகிறது, காலை வெளிச்சம் இருக்கிற ஒரே இடம் மொட்டைமாடி. அதையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது, அதற்குக் கைப்பிடிச் சுவரை உயர்த்தலாம், பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் ஏறக் கூடாது என்று எழுதி ஒட்டலாம். காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை மட்டும் திறந்து விடுங்கள். திறப்பைக் காவலாளியிடம் கொடுத்து வைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06